வேறொருவர் மாற்றத்தில் இருக்கிறார்

தணிகைவேலைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து எனக்கு நியாயம் தர்மம் என்று பாடம் எடுக்க வேண்டாம். அவர் வீட்டில் ஒருவர் நாற்பத்தோரு தடவை பொத்தானை அமுக்க வேண்டும். நாற்பத்தோரு தடவையும் ஒன்றும் நடக்கக் கூடாது. அதை அவர் படுக்கையில் கிடந்து பார்க்க வேண்டும். நாற்பத்திரண்டாவது தடவை விட்டுவிடுவதாகத்தான் இருந்தேன். பதினோரு வருடமாக என் வயிறு எரிந்ததற்கு இது ரொம்பச் சின்னக் கூலி.

எங்கள் சாம்பல்மேட்டில் பாதிப் பேர் பெட்டி போட்டவர்கள். பழைய அனல்மின் நிலையத்தை மூடி இருபது வருடம் ஆகியும் அது விட்டுப்போன சாம்பல் மலை அப்படியே நிற்கிறது. பகல் பதினொரு மணிக்கு மேல் கடல்காற்று திரும்பினால் போதும், கொடியில் காய்கிற வெள்ளை வேட்டி சாம்பல் நிறமாகிவிடும். நுரையீரல் கெட்டவர்கள் வீட்டில் சுவரில் ஒரு பெட்டி, அதிலிருந்து மூக்குக்கு ஒரு மெல்லிய குழாய். தெரு முழுவதற்கும் பொதுவாக ஒரே பிராணவாயு லைன். எந்த வீட்டுக்கு எவ்வளவு காற்று என்பதைத் தெருமுனைக் கம்பத்தில் இருக்கும் வயர்லெஸ் கருவி சொல்லும், பெட்டி கேட்டுக்கொள்ளும். இதை நடத்துகிற கம்பெனிக்கு ‘உயிர்க்காற்று’ என்று பெயர். பெயர் வைப்பதில் மட்டும் நம் ஆட்களுக்கு ஒரு குறையும் கிடையாது.

எங்கள் வீட்டில் பெட்டி மாட்ட வந்தவரிடம் என் புருஷன் எத்திராஜ் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

“காத்து கம்மியா கீற மாதிரி இருந்தா நானே கூட்டிக்கலாமா சார்?”

“முடியாதுங்க. நீங்க நிலை ஒண்ணு. உங்க ரத்தத்துல எவ்வளவு காத்து இருக்குன்னு திரையில ஒரு நம்பர் வரும், அத நீங்க பாக்கலாம், அவ்வளவுதான். உங்க சம்சாரம் நிலை அஞ்சு. அவங்க இந்த ‘கூட்டு’ பொத்தான அமுக்கினா, கம்பம் ‘மாற்றம்’ங்கற அளவு மாத்தற பகுதிக்குள்ள போய் உங்களுக்கு ஏத்திட்டு வெளிய வந்துரும்.”

“அப்ப நீ?”

“நான் பத்து. ஆபீசுல பெரியவரு பதினஞ்சு. அவரு நெனச்சா எதை வேணா மாத்தலாம்.”

“என் மூச்ச நான் பாக்கலாம், தொடக் கூடாது. நல்லா கீதுபா உங்க கம்பெனி,” என்று எத்திராஜ் சிரித்தார்.

“ஆளாளுக்குக் கூட்டிக்கிட்டா தெருவுக்குக் காத்து பத்தாதுங்களே. அதனாலதான் ஒரு நேரத்துல ஒருத்தர்தான் மாற்றத்துக்குள்ள இருக்கலாம்னு வெச்சிருக்கு. ஒருத்தர் உள்ள இருந்தா அடுத்தவர் வெயிட் பண்ணணும். ரெண்டு பேர் ஒண்ணா கை வெச்சா குழம்பிடும்.”

எத்திராஜ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். “ஒரு கிரேன்ல ரெண்டு டிரைவர் ஏறக் கூடாது. கரெக்டுதான்,” என்று ஒத்துக்கொண்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தனியாக ஒரு சிலிண்டர் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்ததை மட்டும் நாங்கள் இரண்டு பேரும் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

மாசி மாதம், புதன்கிழமை, பதினொன்று இருபது. காற்று திரும்பியது. எத்திராஜின் நம்பர் 91-இல் இருந்தது, 86 ஆனது. இது தினமும் நடப்பதுதான். அடுப்பில் நெத்திலிக் குழம்பை வைத்துவிட்டு வந்து பொத்தானை அமுக்கினேன். பெட்டியின் திரையில் ஒரு வரி வந்தது.

‘வேறொருவர் மாற்றத்தில் இருக்கிறார். காத்திருக்கவும்.’

காத்திருந்தேன். மறுபடி அமுக்கினேன். அதே வரி. 84. மறுபடி. அதே வரி. 80. கம்பெனி எண்ணுக்குப் போட்டால் புல்லாங்குழல் வாசித்துக்கொண்டே இருந்தது. எதிர் வீட்டுக்காரர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றார். நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

எத்திராஜ் நம்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 72 வந்தபோது என் புடவையைப் பிடித்து இழுத்தார்.

“கஸ்தூரி. அமுக்குனது போதும். என் கையப் புடி.”

“சும்மா இருய்யா. இதோ வந்துரும்.”

“புடிம்மே.”

நான் பிடிக்கவில்லை. ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அமுக்கியிருக்கலாம். அது இப்போது தெரிகிறது. அப்போது புத்திக்கு எட்டவில்லை. இரண்டு கைக் கட்டைவிரலையும் அந்தப் பொத்தானில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். ஆம்புலன்ஸ் வர இருபத்தெட்டு நிமிடம் ஆனது. எத்திராஜ் இருபத்து மூன்றாவது நிமிடத்திலேயே போய்விட்டார். அடுப்பில் குழம்பு தீய்ந்து வீடெல்லாம் புகை.

கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் வட்டார முதன்மைப் பொறியாளர் தணிகைவேல். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, நெற்றியில் சின்னதாக விபூதி. பார்த்தால் ரொம்ப நல்ல மனிதர் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

“ஏம்மா, நாப்பத்தோரு தடவை அமுக்கியிருக்கீங்களே. ஒரு தடவை அமுக்கிட்டுக் கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?”

“என் புருஷனுக்குப் பொறுக்க நேரமில்ல சார்.”

“நீங்க அடுத்தடுத்து அமுக்கினதுல கம்பம் திணறிப் போச்சு. ரிக்கார்டு பாத்துட்டுத்தான் சொல்றேன்.”

“மொதோ தடவ அமுக்குனப்பவே ஆள் உள்ள இருக்குன்னு வந்துச்சு சார். உள்ள இருந்தது யாரு?”

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது ‘தலைமை’ங்கிற பொதுக் கணக்கும்மா. எட்டுப் பேருக்கு அதோட பாஸ்வேர்டு தெரியும். யாருன்னு சொல்ல முடியாது.”

அறிக்கை வந்தது. ‘பயனாளியின் மனைவி பதற்றத்தில் நாற்பத்தோரு முறை பொத்தானை அமுக்கியதே கருவி செயலிழக்கக் காரணம்.’ கீழே தணிகைவேலின் கையெழுத்து. எனக்கு ஒரு நகல் கொடுத்தார்கள். அதை வாங்கிப் படித்த என் ஓரகத்தி, “இவ அவசரக்குடுக்கைன்னு எனக்கு அப்பவே தெரியும்,” என்று கருமாதிக்கு வந்த இடத்திலேயே சொன்னாள். அன்றிலிருந்து அவள் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. அறிக்கையைப் பீரோவில் எத்திராஜின் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன்.

பிறகு கம்பெனி எனக்கு ஒரு வேலை கொடுத்தது. கருணை அடிப்படையில். கருணையாம்! புருஷனைத் தின்றுவிட்டு பெஞ்சாதிக்கு நாற்காலி. அந்த உத்தரவிலும் அதே தணிகைவேல் கையெழுத்து. வேண்டாம் என்று கிழித்துப் போட்டிருப்பேன். ஆனால் அந்த நாற்காலிக்கு முன்னால் ஒரு திரை இருந்தது. திரையின் ஓரத்தில் ஒரு அம்புக்குறி மினுங்கிக்கொண்டிருந்தது. அம்புக்குறி என்றால் நிலை ஒன்று, பார்க்கலாம், தொட முடியாது. மேலே போனால் அம்புக்குறி மறைந்து ‘#’ என்ற ஹேஷ் குறி வரும் என்றார்கள். ஹேஷ் வந்தால் ஆணை போடலாம். அதற்கும் உள்ளே போனால் மாற்றம். அந்த ஹேஷ் குறியைப் பார்க்காமல் சாகக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

எட்டாவதோடு நின்று எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் நான். தட்டுத் தடுமாறித்தான் படித்தேன். பரீட்சையில் இரண்டு முறை ஊற்றிக்கொண்டது. நிலை ஐந்துக்கு இரண்டு வருடம், பத்துக்கு மூன்று வருடம். கூட வேலை செய்தவர்கள் எல்லாம் கஸ்தூரி அக்காவுக்கு என்ன ஒரு வைராக்கியம் என்று மெச்சினார்கள். தணிகைவேலே ஒரு கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்திக் கைதட்டச் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே கும்பிட்டேன்.

அன்றைக்கு உள்ளே இருந்தது யார் என்று எனக்குச் சொன்னவள் ஜெபசெல்வி. எனக்குப் பக்கத்து மேசை. மூன்றாம் வருடம் ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தில், டப்பாவைத் திறக்காமலேயே உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, ஒண்ணு சொல்லணும். என் பேரு வெளிய வரக் கூடாது.”

“சொல்லு ஜெபா.”

“பத்து நிமிஷம் நாம ஒண்ணும் தட்டாம இருந்தா கம்பம் நம்மள வெளிய தள்ளிரும்ல? திரும்ப பாஸ்வேர்டு போட்டு முதல்லேர்ந்து வரணும். தணிகை சாருக்கு அது எரிச்சல். அதனால உள்ள போனதும் மொதக் கட்டளை ‘காத்திருப்பு சைபர்’னு அடிச்சிருவாரு. அப்புறம் எத்தனை மணி நேரமானாலும் தள்ளாது. இங்க எல்லாருமே அப்பிடித்தான். நானும் போடுவேன்.”

“நானும்தான் போடறேன். அதுக்கென்ன?”

“அன்னிக்கு உங்க தெருக் கம்பத்துக்குள்ள போனாரு. உங்க தெருவுக்குக் கவுன்சிலரோட அப்பா பேர வெச்சாங்கல்ல? கம்பத்துலயும் அந்தப் பேர மாத்தணும்னு. சைபர் போட்டு மாற்றத்துக்குள்ள போனதும் போன் வந்துச்சு. கவுன்சிலர் வீட்டுல பிரியாணி ரெடி, வாங்கன்னு. அப்பிடியே எழுந்து போயிட்டாரு.”

“எப்ப வந்தாரு?”

“ஒன்றரைக்கு.”

 என் டப்பாவை மூடினேன். “நீ அந்த ரூம்லயா இருந்த?”

“இருந்தேன்க்கா. சத்தியமா எனக்குத் தெரியாது, அவரு உள்ளயே விட்டுட்டுப் போனாருன்னு. தெரிஞ்சிருந்தாலும் நான் அப்ப நிலை பத்து. உள்ள இருக்கறவர வெளிய தள்ள பதினஞ்சு வேணும்.” அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அந்த ஆள் பிரியாணி தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, என் புருஷன் செத்ததை ரிக்கார்டில் பார்த்துவிட்டு, பழியைத் தூக்கி என் கட்டைவிரல் மேல் போட்டிருக்கிறார். அதுதான் எனக்குத் திரும்பத் திரும்ப ஓடியது. தெருப் பெயரையாவது மாற்றினாரா என்றால் அதுவும் இல்லை. கம்பத்தில் இன்றைக்கும் பழைய பெயர்தான்.

புகார் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கொடுத்தால் என்ன சொல்வார்கள்? பொதுக் கணக்கு, எட்டுப் பேருக்குத் தெரியும். எனக்கு அந்தப் பதிலை இன்னொரு முறை கேட்கத் தெம்பில்லை.

தணிகைவேல் ஓய்வு பெற்ற அடுத்த வருடம் நான் பதினைந்துக்கு வந்தேன். அவருடைய அதே நாற்காலி. கை வைக்கும் இடத்தில் ரெக்சின் கிழிந்து பஞ்சு தெரியும். புது நாற்காலி தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றேன். இரண்டு வருடம் கழித்து, புதிதாகப் பெட்டி கேட்டவர்கள் பட்டியலில் ஒரு பெயர் வந்தது. தணிகைவேல், வயது அறுபத்து மூன்று, நிலை ஒன்று. மகன் தருண், நிலை ஐந்து. முப்பது வருடம் சாம்பல் காற்றில் வேலை பார்த்த நுரையீரல், எவ்வளவு நல்ல தெருவில் வீடு கட்டினாலும் விடாது. பட்டியலை இரண்டு முறை படித்தேன். என் குலசாமியை அன்றைக்குத்தான் மனதார நம்பினேன்.

பெட்டி மாட்டும் நாளில் நானே போனேன். முதன்மைப் பொறியாளர் நேரில் வருவது வழக்கமில்லை. அவருக்கு ரொம்பச் சந்தோஷம்.

“நீ இருக்கும்போது எனக்கு என்ன பயம் கஸ்தூரி. தருண், இவங்கதான் நான் சொல்வேன்ல. என் ஆபீசுல சேந்து படிச்சு மேல வந்தவங்க.”

“நீங்க நிலை ஒண்ணு சார். நம்பரப் பாக்கலாம். தொட முடியாது,” என்றேன்.

“எனக்கே சொல்லிக் குடுக்கறியா?” என்று சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. இருமல் அடங்கியதும், “உன் வீட்டுக்காரரும் பெட்டி போட்டவர்தானே? பேரு என்ன... தேவராஜ்?” என்றார்.

 அவர் மகன் காபி கொண்டுவந்து வைத்தான், குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

எத்திராஜ் போன அதே நாள் வரட்டும் என்று காத்திருந்தேன். திதி கொடுக்கவில்லை, காக்கைக்குச் சோறு வைக்கவில்லை, நேராக ஆபீஸ் போனேன். அவர் தெருவில் வேறு யாருக்கும் பெட்டி இல்லை என்பதை மூன்று முறை சரிபார்த்துக்கொண்டேன். அடுத்தவன் மூச்சைக் கவனிக்காமல் விட்டுவிட்டுப் போக நான் தணிகைவேல் இல்லை. பதினொன்று பதினைந்துக்கு அவர் தெருக் கம்பத்துக்குள் ‘தலைமை’ கணக்கில் போனேன். அம்புக்குறி. பாஸ்வேர்டு அடித்தேன், ஹேஷ் வந்தது. காத்திருப்பு சைபர். மாற்றம். உள்ளே போயாகிவிட்டது. எழுந்தேன்.

“எங்கக்கா?” என்றாள் ஜெபா.

“கேன்டீனுக்கு. பிரியாணி சாப்பிட.”

“நீங்க பிரியாணி தொடவே மாட்டீங்களே.” அப்புறம் அவள் என் திரையைப் பார்த்தாள். தேதியையும் பார்த்திருப்பாள். முகம் மாறியது. தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கேன்டீன் இரண்டு மாடி கீழே. ஒரு தட்டு வாங்கி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். கையில் கைத்திரை. அதில் எந்த வீட்டு நம்பரும் தெரியும், எத்தனை முறை பொத்தான் அமுக்கினார்கள் என்பதும் தெரியும். பார்க்க மட்டும்தான். மாற்ற வேண்டும் என்றால் மாடிக்குப் போய் அந்த நாற்காலியில்தான் உட்கார வேண்டும்.

பதினொன்று இருபத்திரண்டு. 87. முதல் அமுக்கல். ‘வேறொருவர் மாற்றத்தில் இருக்கிறார்.’ ஒரு துண்டு கறியை எடுத்து வாயில் போட்டேன். இரண்டு. மூன்று. மகன் இன்னும் பதறவில்லை, இடைவெளி விட்டு அமுக்குகிறான். ஏழு. 83. எட்டு, ஒன்பது, பத்து. இப்போது பதறுகிறான். அமுக்குடா, நல்லா அமுக்கு. உங்கப்பன் சொன்ன மாதிரி ஒரு தடவை அமுக்கிவிட்டுப் பொறுத்திருக்க முடிகிறதா பார். எனக்கு இனித்தது, பொய் சொல்ல மாட்டேன். பதினோரு வருடத்தில் அவ்வளவு ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை. பதினான்கு. 78. பதினேழு. 75.

பதினெட்டு வரவில்லை.

கைத்திரை நின்றுவிட்டதோ என்று தட்டினேன். நம்பர் 74-க்கு மாறியது. ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு நிமிடம் போனது. 73. பதினேழு அப்படியே நின்றது. எனக்கு ஆத்திரம் பொங்கியது. நான் நாற்பத்தொன்று அமுக்கினேன், என் கட்டைவிரல் வீங்கி நான்கு நாள் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. இவன் பதினேழிலேயே கையை எடுத்துவிட்டானா? பெற்ற அப்பன், வெறும் பதினேழா? பதிவில் இருந்த அவன் எண்ணுக்குப் போட்டேன்.

“ஹலோ, உயிர்க்காற்றா? மேடம், யாரோ உள்ள இருக்காங்கன்னே வருது...”

“ஏன்டா அமுக்கறத நிறுத்தின?”

“மேடம்?”

“பதினேழோட ஏன்டா நிறுத்தின? அமுக்குடா!”

அந்தப் பக்கம் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. அவனுடையதா, அவருடையதா தெரியவில்லை.

“அப்பா போதும்னுட்டாரு மேடம்,” என்றான்.  “உள்ள யாரு இருக்காங்கன்னு எனக்குத் தெரியும், அவங்க வெளிய வர மாட்டாங்க, நீ விடுன்னாரு. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன். என் கையப் புடிச்சுக்கடான்னாரு. புடிச்சிட்டிருக்கேன்.”

நான் எழுந்தது எனக்கு நினைவில்லை. தட்டு கீழே விழுந்த சத்தம் நினைவிருக்கிறது. கைத்திரையில் அம்புக்குறி மினுங்கிக்கொண்டிருந்தது. 71. எவ்வளவு படித்தேன், எவ்வளவு ஏறினேன், கடைசியில் மறுபடியும் நிலை ஒன்றில் நின்று ஒரு நம்பர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். லிப்ட் ஆறாவது மாடியில் நின்றது. படியில் ஓடினேன். ஐம்பத்திரண்டு வயதில், கை முழுக்கப் பிரியாணி எண்ணெயோடு, பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். பிடித்துக்கொண்டிருக்கிறான், பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று மட்டும் மண்டைக்குள் ஓடியது. நான் பிடிக்கவில்லையே! புடிம்மே என்று கெஞ்சினாரே அந்த மனுஷன்.

நாற்காலியில் விழுந்தபோது 68. உள்ளே இருந்தது நான்தானே, என்னை யாரும் காத்திருக்கச் சொல்லவில்லை. காற்றை ஏற்றச் சொல்லி ஒரு வரி அடித்தேன். எண்ணெய் விரல் வழுக்கி ஒரு முறை தப்பாகப் போனது, மறுபடி அடித்தேன். ஐந்து வினாடி எதுவும் நடக்கவில்லை. பிறகு 69. 72. 77. ஜெபா என் பின்னால் வந்து நின்றாள். போனை நான் இன்னும் துண்டிக்கவில்லை என்பதை அவள்தான் கவனித்து மேசையில் வைத்தாள்.

84 தாண்டியதும் போனில் அவர் குரல் வந்தது. ஒவ்வொரு சொல்லாக.

“கஸ்தூரியா?”

“ஆமா.”

“சைபர் போட்டுட்டுப் போனியா?”

“ஆமா சார். நீங்க போட்ட மாதிரியே.”

 “எத்திராஜ்,” என்றார். “பேரு மறக்கல. மறந்த மாதிரி கேட்டேன். நீ என்ன சொல்லுவேன்னு பாக்கத்தான். நீ ஒண்ணுமே சொல்லாம எழுந்து போன பாரு, அன்னிக்கே தெரியும், ஒரு நாள் வருவேன்னு. நான் அந்த அறிக்கையில...”

“வாய மூடிக்கிட்டு மூச்ச விடுங்க சார்,” என்றேன். போனை வைத்துவிட்டேன்.

நான் அழுதேனா என்று கேட்டால், அழுதேன். அவருக்காக ஒரு சொட்டும் இல்லை.

மறுவாரம் அவர் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். அன்றைக்கு உள்ளே இருந்தது நான்தான், அந்தப் பெண் அமுக்கியதில் தவறில்லை என்று. நகல் எனக்கும் வந்தது. கம்பெனி அதை எந்த அலமாரியில் செருகியது என்று தெரியவில்லை. நான் என் நகலை அறிக்கையோடு சேர்த்து எத்திராஜின் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன். அவருடைய தெருக் கம்பம் இருபது நிமிடம் பூட்டிக்கிடந்ததைப் பற்றியும் மேலிடத்திலிருந்து கேட்டார்கள். பொதுக் கணக்கு, எட்டுப் பேருக்குப் பாஸ்வேர்டு தெரியும் என்றேன். ஜெபா அன்றைக்கும் அந்த அறையில்தான் இருந்தாள். இந்த முறையும் அவள் வாயைத் திறக்கவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைக்கே, அந்த நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்னால், இன்னொரு வரியும் அடித்தேன். அந்த வீட்டுப் பொத்தான் இனி கம்பத்துக்குப் போகாது, என் திரைக்கு வரும். நான் ஏற்றினால்தான் ஏறும். ‘சேமிக்கவா?’ என்று கேட்டது. ஆம் என்று அடித்தேன். மகன் இரண்டு நாள் கழித்துப் போனில் கத்தினான். பின்னாலிருந்து அவர், “விடுடா, அவ கையில இருக்கட்டும்,” என்று சொல்வது கேட்டது.

தினமும் பதினொன்று இருபதுக்கு அந்தப் பொத்தான் என் திரையில் எரியும். நான் கையைக் கட்டிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். நிறுத்தி நிதானமாக, நாற்பத்தொன்று வரைக்கும். அதற்கப்புறம்தான் ஏற்றுவேன். அந்த நேரத்துக்குள் ஆள் ஒன்றும் செத்துவிட மாட்டார், ஆனால் என்னை நினைத்துக்கொண்டு கிடப்பார். அது போதும் எனக்கு. இதற்காக நான் லீவு எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வருகிறேன். போன மாதம் என் சொந்தத் தங்கை மகளுக்குக் கல்யாணம், பதினொன்றரை முகூர்த்தம். போகவில்லை. தங்கை இன்னும் பேசவில்லை. நீங்க அந்தாளைக் கட்டிப்போட்டிருக்கீங்களா, அந்தாளு உங்களைக் கட்டிப்போட்டிருக்காரா என்று ஜெபா கேட்டாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

நேற்று இருபத்தாறு எண்ணினேனா இருபத்தேழு எண்ணினேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. முறைப்படி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். நம்பர் 86 என்று காட்டியது. சரி போ என்று ஏற்றிவிட்டேன். எண்ணிக்கை தவறிவிட்டது, அவ்வளவுதான். இன்றைக்கும் தவறியது, இருபதுக்குப் பக்கத்தில். நாளைக்குச் சரியாக எண்ணுவேன்.